சென்னை - மதுரை 417 கி.மீ.: ஜெட் விமானத்துக்கு அரை மணி நேரம் போதுமே... டிக்கெட்டில் ஏன் 1 மணி 20 நிமிடம்?

“காலையில எட்டரைக்கு ஃபிளைட்டும்மா. ஒரு மணி நேரம்தான். ஒன்பதரைக்கு இறங்கிருவேன், பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில இருப்பேன்.”

சென்னை பெருங்குடியில் வேலை பார்க்கும் ஐடி ஊழியர் ஒருவர், மதுரையில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. காலை 10.30 மணிக்கு டாக்டர் வந்து ஆஞ்சியோ ரிசல்ட்டைப் பற்றிப் பேசப் போகிறார். ஸ்டென்ட்டா, பைபாஸா என்று குடும்பம் முடிவு சொல்ல வேண்டும். “நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்டி” என்கிறார் அம்மா.

‘ஒரு மணி நேரம்’ என்ற கணக்கை மகள் எடுத்தது, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் காட்டும் ஓர் இணையதளத்தில் இருந்து. ஆனால், அவர் கையில் இருக்கும் டிக்கெட்டோ புறப்பாடு 8.30, வருகை 9.50 என்கிறது. அதாவது 1 மணி 20 நிமிடம்.

இந்த 20 நிமிட வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இணையதளம் தப்பா, ஏர்லைன்ஸ் ஏமாற்றுகிறதா? இரண்டுமே இல்லை. இரண்டும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. எதை எதற்கு நம்ப வேண்டும் என்று தெரியாவிட்டால் முக்கியமான சந்திப்பும் போகும், சில நேரம் கைக்கு வர வேண்டிய பணமும் போகும். விரிவாகப் பார்க்கலாம்.

417 கி.மீ. என்பது எந்தத் தூரம்?

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 417 கி.மீ. மைல் கணக்கில் 259. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் 225. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு எண்ணைப் பார்த்துக் குழம்புவதற்குப் பெரும்பாலும் இந்த அலகு வித்தியாசம்தான் காரணம்.

‘நேர்க்கோடு’ என்று சொன்னாலும், பூமி உருண்டை என்பதால் அது உண்மையில் ஒரு வளைவு. ஒரு குளோபில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியாகப் போகுமோ, அதுதான் மிகக் குறுகிய பாதை. சென்னை - மதுரை போன்ற குட்டித் தூரத்தில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. டெல்லி - நியூயார்க் போன்ற நீண்ட தூரத்தில்தான், தட்டையான மேப்பில் விமானம் வடக்கே ஏறி வளைந்து போவது போலத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க: சென்னையில் இருந்து திருச்சி வழியாக மதுரைக்குச் சாலையில் சுமார் 460 கி.மீ. எழும்பூரில் இருந்து ரயிலில் இன்னும் கொஞ்சம் அதிகம், 500 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, வான்வழியில் போனால் மிச்சமாகும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவுதான். மிச்சம் எல்லாம் வேகத்தில்தான் வர வேண்டும். சிக்கலும் அங்கேதான்.

வேகம் 830 கி.மீ. ஆனால், எத்தனை நிமிடத்துக்கு?

ஏர்பஸ் ஏ320 ரக ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 417-ஐ 830-ஆல் வகுத்தால் 30 நிமிடம்தான் வருகிறது. தூரம் காட்டும் இணையதளங்கள் பொதுவாகச் செய்வதும் இதே கணக்குதான். தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஒரு அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடும். ‘ஒரு மணி நேரம்’ என்ற விடை அப்படித்தான் வருகிறது.

ஆனால், அந்த 830 கி.மீ. வேகத்தை விமானம் இந்தப் பயணத்தில் எவ்வளவு நேரம் தொடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

விமானிகளிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு 1,000 அடி இறங்கவும் 3 கடல் மைல் தூரம் வேண்டும். 30,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம் தரையிறங்க 90 கடல் மைல், அதாவது சுமார் 167 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தூரம் பிடிக்கும். 417-இல் ஏறுவதற்கு ஒரு பங்கு, இறங்குவதற்கு ஒரு பங்கு போக, நடுவில் மிஞ்சுவது 100 கி.மீ.க்கும் குறைவு. அதாவது, முழு வேகத்தில் சமமாகப் பறக்கும் நேரம் ஏழெட்டு நிமிடம்கூட இருக்காது!

இந்தத் தடத்தில் கேபின் க்ரூ தண்ணீர் பாட்டிலும் சாண்ட்விச்சும் கொடுத்துவிட்டு, அடுத்த சில நிமிடங்களிலேயே குப்பையைச் சேகரிக்க ஓடி வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே விமானங்கள் 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. அது மணிக்குச் சுமார் 460 கி.மீ. புறப்பட்டதும் சில நிமிடங்கள், இறங்கும் முன் பல நிமிடங்கள் இந்த எல்லைக்குள்தான் ஓட்ட வேண்டும்.

இதனால்தான் ஏடிஆர் 72 போன்ற புரொப்பல்லர் விமானங்கள் குறுகிய தூரத்தில் ஜெட்டுக்கு ஈடு கொடுக்கின்றன. ஏடிஆரின் அதிகபட்சப் பயண வேகம் மணிக்கு 510 கி.மீ. சுற்று. பேப்பரில் பார்த்தால் ஜெட்டைவிட ரொம்ப ஸ்லோ. ஆனால், இவ்வளவு குறைந்த தூரத்தில் மொத்த நேரத்தில் கூடுவது பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம்தான். எரிபொருளும் குறைவாகச் செலவாகும், குட்டி ரன்வேயிலும் இறங்கும். சென்னையில் இருந்து சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஏடிஆர்கள் பறக்க இதுவே காரணம்.

ரன்வே எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

அடுத்த சில நிமிடங்கள் போவது திசையில். சென்னையின் பிரதான ஓடுபாதையின் பெயர் 07/25. ரன்வே எண்ணுடன் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்று டிகிரியில் கிடைத்துவிடும். 07 என்றால் சுமார் 70 டிகிரி, அதாவது கிழக்கு - வடகிழக்கு, கடல் பக்கம். 25 என்றால் சுமார் 250 டிகிரி, அதற்கு நேர் எதிர்ப்புறம்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலே ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். கடலில் இருந்து காற்று வீசும்போது சென்னையில் விமானங்கள் 07 பக்கமாகக் கடலை நோக்கி எழும்பும். ஆனால், மதுரை இருப்பதோ தென்மேற்கில். ஆக, கிளம்பும்போதே மதுரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, கடல் மேல் ஒரு திருப்பம் போட்டுத்தான் தெற்கே வர வேண்டும். மேற்கில் இருந்து காற்று அடித்தால் 25 பக்கமாக எழும்பும். அப்போது கிட்டத்தட்டப் போகிற வழியிலேயே கிளம்பிவிடலாம்.

மதுரையிலும் இதே கதைதான். அங்கே ஓடுபாதை 09/27, கிழக்கு - மேற்காக இருக்கிறது. வடகிழக்கில் இருந்து வரும் சென்னை விமானம், 27-இல் இறங்க வேண்டுமென்றால் கிழக்குப் பக்கமாக வந்து நேராக இறங்கிவிடும். காற்று மாறி 09-இல் இறங்கச் சொன்னால், ஊரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். 417 கி.மீ. என்ற எண்ணில் இந்தச் சுற்று எதுவும் சேராது.

காற்றின் வேகமும் உண்டு. சென்னை - மதுரை போன்ற குறுகிய தடத்தில் அதன் பாதிப்பு குறைவு. நியூயார்க் - லண்டன் போன்ற நீண்ட தடத்தில், கிழக்கே போக சுமார் 7 மணி நேரம், அதே தூரம் மேற்கே திரும்ப சுமார் 8 மணி நேரம். மேற்கில் இருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். போகும் நேரமும் வரும் நேரமும் டிக்கெட்டில் வேறுவேறாக இருந்தால் அது பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை!

பலருக்குத் தெரியாத விஷயம் இது. டிக்கெட்டில் 8.30 என்று இருந்தால், 8.30-க்கு விமானம் வானில் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. நிறுத்துமிடத்தில் இருந்து நகரத் தொடங்கும் நேரம்தான் அது. 9.50 என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை. மதுரையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம்.

இந்த மொத்த நேரத்துக்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். நிற்கும் விமானம் நகர்ந்துவிடாமல் இருக்க சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுப்பதில் இருந்து, போன ஊரில் மறுபடி கட்டை வைப்பது வரையிலான நேரம் என்று புரிந்துகொள்ளலாம்.

1 மணி 20 நிமிட பிளாக் டைமைப் பிரித்துப் பார்த்தால் தோராயமாக இப்படி வரும்:

- சென்னையில் பின்னால் தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் காத்திருப்பது: 10 - 20 நிமிடம்
- வானில் பறப்பது: 45 - 55 நிமிடம்
- மதுரையில் இறங்கி நிறுத்துமிடத்துக்கு வருவது: சுமார் 5 நிமிடம்
- மிச்சம்: தாமதத்துக்காக ஏர்லைன்ஸ் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் கூடுதல் நிமிடங்கள்

அந்தக் கடைசி வரிதான் சுவாரஸ்யம். காலை நேர நெரிசல், இறங்க இடம் கிடைக்காமல் வானில் வட்டமடிப்பது போன்றவற்றுக்காக விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்தைவிட 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘ஆன் டைம்’ என்று கணக்கில் எடுத்துக்கொள்வதும் இந்தத் துறையில் வழக்கம். 15 நிமிடம் லேட்டாகக் கிளம்பிய விமானம் மதுரையில் சரியான நேரத்துக்கு வந்து நின்றால், பைலட் வேகமாக ஓட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அட்டவணையிலேயே அந்த நிமிடங்கள் ஒளிந்திருந்தன, அவ்வளவுதான்.

பெருங்குடி டூ பெருங்குடி: உண்மையான பயண நேரம் எவ்வளவு?

ஒரு வேடிக்கை: மதுரை விமான நிலையமும் ஒரு பெருங்குடியை ஒட்டித்தான் இருக்கிறது. நம் ஐடி ஊழியர் சென்னை பெருங்குடியில் கிளம்பி மதுரை பெருங்குடி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருடைய பயணத்தைக் கூட்டிப் பார்ப்போம்.

- வீட்டில் இருந்து மீனம்பாக்கம்: 45 நிமிடம்
- வெப் செக்-இன் முடித்திருந்தாலும் பேக் போட, செக்யூரிட்டி தாண்ட, போர்டிங்: 90 நிமிடம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது.
- பிளாக் டைம்: 80 நிமிடம்
- விமானத்தில் இருந்து இறங்கி, பேக் வாங்கி வெளியே வர: 25 நிமிடம்
- டாக்ஸியில் ஊருக்குள்: 35 நிமிடம்

மொத்தம் சுமார் 4 மணி 35 நிமிடம். இதில் வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ரயிலோடு ஒப்பிட்டால்? சென்னை எழும்பூரில் இருந்து மதுரை வழியாகச் செல்லும் வந்தே பாரத் ரயில்கள் இந்தத் தூரத்தை 6 மணி நேரத்துக்கும் குறைவாகக் கடக்கின்றன. ஸ்டேஷனுக்குப் போவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து 7 மணி நேரம் சொச்சம். விமானத்தில் மிச்சமாவது சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட் விலை வித்தியாசத்தை இந்த இரண்டரை மணி நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ‘6 மணி நேரமா, 1 மணி நேரமா’ என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

சரி, அந்த 10.30 மணி சந்திப்பு? விமானம் சொன்ன நேரத்துக்கே, 9.50-க்கு வந்து நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே வர 10.15. ஆஸ்பத்திரி வாசலில் 10.50. ஒரு நிமிடம்கூட லேட் ஆகாத விமானத்தில் வந்தும், 20 நிமிடம் லேட்.

‘பிளாக் டைம்’ உங்கள் பணத்தையும் தீர்மானிக்கும்

இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்க இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ பயணிக்கு என்ன கிடைக்கும் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகள் பிளாக் டைமை வைத்துத்தான் பிரிக்கின்றன.

ஏர்லைன்ஸ் முறையாக முன்கூட்டியே தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தர வேண்டும்:

- பிளாக் டைம் 1 மணி நேரம் வரை: ரூ.5,000
- 1 மணி நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் வரை: ரூ.7,500
- 2 மணி நேரத்துக்கு மேல்: ரூ.10,000

இதில் ஒரு ‘ஆனால்’ உண்டு. இந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணத்தைச் சேர்த்து வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து ரூ.3,800 என்றால், இழப்பீடும் அவ்வளவுதான். ஆனால், கடைசி நேரத்தில் அதிக விலைக்கு டிக்கெட் எடுத்தவருக்கு இந்த வரம்பு முக்கியம். தூரம் காட்டும் தளம் சொல்லும் ‘1 மணி நேரம்’ என்றால் உச்ச வரம்பு ரூ.5,000. டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 20 நிமிடம் என்றால் ரூ.7,500. பேச வேண்டியது டிக்கெட் கணக்கை வைத்துத்தான்.

தாமதத்துக்கும் இதே அளவுகோல். பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். இரண்டரை முதல் 5 மணி நேரம் வரை என்றால் அந்த வரம்பு 3 மணி நேரம். ஒரே கேட் அருகே உட்கார்ந்திருந்தாலும் மதுரை பயணிக்கு 2 மணி நேரத்தில் கிடைக்கும் உணவு, இரண்டே முக்கால் மணி நேரப் பயணமான டெல்லி பயணிக்கு 3 மணி நேரத்தில்தான் கிடைக்கும்.

தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட் என்று பயணி தேர்வு செய்யலாம். வெறும் தாமதத்துக்கு மட்டும் ரொக்க இழப்பீடு கிடையாது.

புயல், பாதுகாப்புக் காரணம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு போன்ற ஏர்லைன்ஸின் கையை மீறிய காரணங்களுக்கும் இழப்பீடு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது போன்ற சூழல் இதில் வரும். டிக்கெட் எடுக்கும்போது சரியான போன் நம்பர் தராதவர்களும் இழப்பீடு கேட்க முடியாது. ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டு புக் செய்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். புகார் இருந்தால் முதலில் ஏர்லைன்ஸிடம், தீர்வு இல்லை என்றால் ‘ஏர்சேவா’ தளத்தில் பதியலாம்.

கனெக்டிங் ஃபிளைட் பிடிப்பவர்கள் கவனிக்க

மதுரையில் இருந்து சென்னை வந்து, அங்கிருந்து சிங்கப்பூரோ துபாயோ போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் ஆபத்தானது. இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாட்டை ஏர்லைன்ஸிடம் கேட்கலாம். விலை குறைவு என்று தனித்தனியாக எடுத்திருந்தால், இரண்டாவது ஏர்லைன்ஸைப் பொறுத்தவரை நீங்கள் ‘நேரத்துக்கு வராத பயணி’. அவ்வளவுதான்.

உள்நாட்டு முனையத்தில் பேக் வாங்கி, சர்வதேச முனையத்துக்கு மாறி, மறுபடி செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டி என எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் குறைந்தது 4 - 5 மணி நேரம் விட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பயணத்தில் டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

சரி, எதை நம்புவது?

- ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிய: தூரம் காட்டும் இணையதளம் போதும்.
- எத்தனை மணிக்கு இறங்குவோம், உரிமை என்ன என்று தெரிய: டிக்கெட்டில் உள்ள நேரம் மட்டும்.
- அந்த விமானம் வழக்கமாக எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிய: ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாள்களின் உண்மையான நேரத்தைப் பார்க்கலாம்.
- வாசலில் இருந்து வாசல் வரை ஆகும் நேரத்துக்கு: பிளாக் டைமுடன் குறைந்தது 3 மணி நேரம் சேருங்கள்.

அப்படியென்றால், அந்த மகள் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கு அதைவிட முன்பாக ஒரு விமானம் இருந்தால் அதைப் பிடித்திருக்கலாம். பேக்கை செக்-இன் செய்யாமல் கையோடு வைத்திருந்தால் ஒரு கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும். இல்லையென்றால் முந்தைய இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்திருக்கலாம். விடியும்போது மதுரை. 830 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்தைவிட, இரவெல்லாம் ஓடுகிற ரயில்தான் சில காலைகளில் நம்மைச் சீக்கிரம் கொண்டு சேர்க்கும்.

எதுவும் முடியவில்லை என்றால், குறைந்தபட்சம் அம்மாவிடம் சொல்லும் நேரத்தையாவது மாற்றியிருக்கலாம்: “பதினொரு மணி ஆயிரும்மா. டாக்டர் வந்தா எனக்கு ஒரு வீடியோ கால் போட்டுரு. டாக்ஸியில இருந்தே பேசுறேன்.”